மருந்து தருபவரின் வாய்மை

உண்மை பேச வேண்டும் என்பதை மறுப்பவர் இல்லை. பிறரைத் துன்புறுத்தலாகாது என்பதையும் மறுப்பவர் இல்லை. இவ்விரு அறங்களும் ஒன்றுக்கொன்று துணையாக நடக்கும்வரை வாழ்க்கையில் சிக்கல் எழுவதில்லை. உண்மையைச் சொன்னால் ஒருவர் அஞ்சுவார். அஞ்சினால் தமக்கு நன்மை தரும் ஒன்றையே கைவிட்டு விடுவார் என்ற நிலை வரும்போதுதான் மனம் தடுமாறுகிறது. அப்போது சொல்வது அறமா, சொல்லாதிருப்பது அறமா?

இக்கேள்வி தத்துவ நூல்களில் மட்டும் எழுவதன்று. மருத்துவமனைகளில் மருந்து வழங்கும் மேசையருகே அது நாள்தோறும் எழுகிறது. நோயைத் தீர்க்கும் மருந்தே சிலருக்கு வேறு தொல்லைகளையும் தரக்கூடும். அந்தப் பக்க விளைவுகளைப் பற்றி நோயாளியிடம் எவ்வளவு சொல்வது, எப்படிச் சொல்வது? 2019 முதல் நம் நாட்டு மருத்துவப் பட்டப்படிப்பில் நோயாளியுடன் உரையாடும் முறையும் அறநெறியும் தனிப் பயிற்சியாகவே இடம்பெற்றுள்ளன. ஆனால் பாடமாகப் படிப்பது வேறு. மருந்துக்காகக் கையேந்தி நிற்கும் மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேசுவது வேறு. இக்கலையைக் கற்கத் தொடங்கும் ஒரு மாணவியின் நிலையிலிருந்து இந்தக் கேள்வியை அணுகுவோம். காசி நகரத்து மருத்துவமனை ஒன்றின் காசநோய்ப் பிரிவில் அவள் பயிற்சி பெறுகிறாள் என்று கொள்வோம்.

காசநோய்க்கான வழக்கமான சிகிச்சை 6 மாதங்கள் நீடிப்பது. முதல் 2 மாதங்கள் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கு மருந்துகள். அடுத்த 4 மாதங்கள் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்று. இவற்றை நாள்தோறும் உட்கொள்ளும் முறை 2017 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. உடல் எடைக்கேற்ப மாத்திரைகளின் எண்ணிக்கை அமையும். முறையாக உண்டால் நோய் தீரும். இடையில் நிறுத்தினாலோ, எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறும் வாய்ப்பு உண்டு. ஆகவே இந்த நோயில் மருந்து எவ்வளவு முக்கியமோ, மருந்தின்மீது நோயாளி கொள்ளும் நம்பிக்கையும் அவ்வளவு முக்கியம்.

பட்டியல் ஒப்புவித்தல்

மாணவியிடம் முதலில் வந்தவர் படித்துறை ஒன்றில் தேநீர் விற்பவர். மருந்தியல் நூலில் படித்தது முழுவதையும் அவள் அவரிடம் சொன்னாள். கல்லீரல் பாதிக்கப்படலாம், பார்வை மங்கலாம், மூட்டு வலிக்கலாம், கைகால் மரத்துப்போகலாம், வாந்தி வரலாம், தோலில் தடிப்பு எழலாம். எதையும் மறைக்கவில்லை என்ற நிறைவு அவளுக்கு. அவரும் தலையசைத்துவிட்டு மாத்திரைகளைப் பெற்றுச் சென்றார்.

ஒரு வாரத்தில் வாடிய முகத்துடன் திரும்பி வந்தார். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தாலே குமட்டுகிறது என்றார். இரண்டாம் நாளிலிருந்தே விரல்கள் மரத்துப்போகின்றன என்றார். ஆசிரியர் அவரைப் பொறுமையாகப் பரிசோதித்தார். இரத்தப் பரிசோதனையும் செய்வித்தார். குறை ஏதும் தென்படவில்லை. அவர் சென்றபின் மாணவியிடம், "ஐசோநியாசிட்டால் வரும் மரத்துப்போதல் இரண்டு நாளில் வருவதில்லை, அம்மா. மருந்து வேலை செய்யத் தொடங்குமுன்னரே உன் சொற்கள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன" என்றார்.

இது வியப்புக்குரியதன்று. நலம் தரும் என்ற நம்பிக்கையே சிறிது நலம் தருவதுபோல, தீங்கு வரும் என்ற எதிர்பார்ப்பே தீங்கை உணரச் செய்யும். இதனை 'நோசிபோ' விளைவு என்பர். 1961-இல் வால்டர் கென்னடி என்பவர் இச்சொல்லை வழங்கினார். இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளைப் பக்க விளைவுகளால் நிறுத்திவிட்ட 60 பேர் அதில் பங்கேற்றனர். சில மாதங்கள் உண்மையான மருந்து, சில மாதங்கள் அதைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரை, சில மாதங்கள் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றித் தரப்பட்டது. உண்மை மருந்தை உண்டபோது ஏற்பட்ட தொல்லைகளில் 90 விழுக்காடு, வெற்று மாத்திரையை உண்டபோதும் ஏற்பட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை. வலியை உண்மையாகவே உணர்ந்தனர். வலியின் வேர்தான் மருந்தில் இல்லை. இந்த முடிவை விளக்கிக் கூறியபின் அவர்களில் பாதிப்பேர் மீண்டும் அம்மருந்தை உண்ணத் தொடங்கினர் என்பதும் எண்ணத்தக்கது. சொல் புண்ணாக்குவதுபோலவே, சொல்லே ஆற்றவும் செய்கிறது.

மௌனத்தின் விலை

சுட்ட அனுபவத்தால் மாணவி மறுகோடிக்குச் சென்றாள். அடுத்து வந்தவன் கட்டடப் பணி செய்யும் இளைஞன். "நல்ல மருந்து, தவறாமல் சாப்பிடு" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். எதற்கு அவனை வீணாகக் கலக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

இரண்டாம் முறை மருந்து வாங்க வேண்டிய நாளில் அவன் வரவில்லை. சுகாதாரப் பணியாளர் அவன் தங்கியிருந்த கொட்டகையைத் தேடிச் சென்றார். முதல் மாத்திரைகளை உண்ட அன்றே அவனுடைய சிறுநீர் செம்மஞ்சளாகிவிட்டது. அதை இரத்தம் என்று எண்ணி அவன் நடுங்கிப்போனான். மருந்து உள்ளுறுப்பை அறுக்கிறது என்று உடன் இருந்தவர்களும் கூறினர். மீதி மாத்திரைகளை எறிந்துவிட்டான்.

ரிஃபாம்பிசின் சிறுநீருக்கும் வியர்வைக்கும் கண்ணீருக்கும் செம்மஞ்சள் நிறம் தருவது. அதனால் எந்தத் தீங்கும் இல்லை. எல்லாப் பக்க விளைவுகளிலும் மிகச் சாதுவானது அதுவே. ஆனால் சொல்லப்படாததால் அதுவே மிகக் கொடியதாயிற்று. "ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் போதுமே, டாக்டரம்மா" என்றான் அவன். பல வாரச் சிகிச்சை வீணாகி, மீண்டும் பரிசோதனைகள் செய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

எல்லாம் சொன்னாள், தீங்கு நேர்ந்தது. எதுவும் சொல்லவில்லை, அப்போதும் தீங்கு நேர்ந்தது. அப்படியானால் இடைப்பட்ட ஓர் அளவைக் கண்டுபிடித்துப் பாதி சொல்லிவிட வேண்டும் என்பதா விடை? சிக்கல் அளவில் இல்லை என்பதை அவள் உணரச் சில காலம் ஆயிற்று.

யாருக்காக?

மறைத்தலுக்கு நெடிய மரபு உண்டு. பழைய கிரேக்க மருத்துவ நூல்கள், சிகிச்சையின்போது நோயாளியிடம் பெரும்பாலானவற்றை வெளியிடாதிருக்குமாறு மருத்துவருக்கு அறிவுறுத்தின. நம் சரக சம்ஹிதையில் மாணவனுக்கு ஆசிரியர் கூறும் உறுதிமொழிப் பகுதியிலும், நோயாளியின் ஆயுள் முடியப் போவதை அறிந்தாலும், அதனால் அவருக்கோ உற்றாருக்கோ அதிர்ச்சி நேருமாயின் சொல்லலாகாது என்ற கருத்து காணப்படுகிறது. மறுபுறம், மனிதநேயத்தின் பொருட்டுக்கூடப் பொய் சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் 1797-இல் வாதிட்டார். ஆனால் பொய் சொல்லாதிருப்பது வேறு, தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுவது வேறு என்பதை அவரும் ஏற்றவரே.

சரகர் மரபு சொல்லாதிருக்கச் சொன்னது எதனை என்று நோக்க வேண்டும். நெருங்கி வரும் முடிவு, மருத்துவரின் செயலால் வருவதன்று. அதை அறிந்தும் நோயாளி செய்யக்கூடியது சிறிதளவே என்ற நிலையில், மௌனம் கருணையாகலாம். பக்க விளைவின் இயல்போ வேறு. அது மருத்துவரே தம் கையால் தரும் பொருளிலிருந்து வருவது. மேலும், அதைக் குறித்த காலத்தில் அறிந்தால் நோயாளி தம்மைக் காத்துக்கொள்ள முடியும். விதியைப் பற்றி மௌனம் காப்பதும், தன் கொடையைப் பற்றி மௌனம் காப்பதும் ஒன்றாகா. கொடுப்பவருக்குச் சொல்லும் கடமை உண்டு.

இவ்வளவையும் எண்ணிய மாணவி, தன் உள்ளத்தையே சோதிக்கத் தலைப்பட்டாள். தேநீர் விற்பவரிடம் பட்டியலை ஒப்புவித்தது ஏன்? நாளை ஏதேனும் நேர்ந்தால் 'நான் சொல்லவில்லை' என்ற பழி வரக்கூடாது என்பதற்காக. இளைஞனிடம் வாய் திறவாதது ஏன்? அவனைக் காப்பதற்காக என்று எண்ணியிருந்தாள். ஆனால் அன்று வரிசை நீண்டிருந்தது. சொன்னால் அவன் கேள்வி கேட்பான், விடை சொல்ல நேரமாகும், சில கேள்விகளுக்கு விடை தெரியாமலும் போகலாம் என்ற தயக்கமும் உள்ளே இருந்தது. சொன்னபோதும் நடுவில் நின்றது அவளுடைய 'நான்'. சொல்லாதபோதும் நடுவில் நின்றது அதுவே. முன்னது தன்னைக் காக்கும் பேச்சு. பின்னது தன்னைக் காக்கும் மௌனம்.

கீதையின் 17-ஆம் அத்தியாயம் வாக்கினால் செய்யும் தவத்தைக் கூறும்போது, கலக்கம் விளைவிக்காமை, உண்மை, இனிமை, நன்மை ஆகியவற்றை ஒருசேரக் கேட்கிறது. ஒன்றைக் கைக்கொண்டு மற்றதை விடச் சொல்லவில்லை. அதனால்தான் அது தவம் எனப்படுகிறது. உண்மையை மட்டும் சொல்வதும் எளிது, இனிமையாக மட்டும் பேசுவதும் எளிது. கேட்பவரை நடுவில் நிறுத்தி, பேசுபவர் ஒதுங்கி நின்றாலன்றி இவை ஒன்று கூடுவதில்லை.

அரிது என்பது எது?

நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 2008-இல் ஒரு வழக்கில், சிகிச்சைக்கு உடன்படுமுன் நோயாளிக்குப் போதிய தகவல் தரப்பட வேண்டும் என்று விளக்கியது. மிக அரிதான அல்லது ஏட்டளவிலான அபாயங்களைக் கூறி, நோயாளியை அச்சுறுத்தித் தேவையான சிகிச்சையையே மறுக்கச் செய்ய வேண்டியதில்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல் வேறொரு வழக்கில், குறிப்பிட்ட அந்த நோயாளி எந்த அபாயத்தை முக்கியமாகக் கருதுவார் என்பதையும் மருத்துவர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கூறியது. முன்னது எண்ணிக்கையை நினைவூட்டுகிறது. பின்னது மனிதரை நினைவூட்டுகிறது. இரண்டும் வேண்டும் என்பது மூன்றாம் நோயாளி வந்தபோது மாணவிக்கு விளங்கியது.

அவர் மதன்புராப் பகுதியைச் சேர்ந்த முதிய நெசவாளி. அந்நகரத்து வழக்கப்படி அவரைச் 'சாச்சா' என்று அழைத்து, மருந்தைப் பற்றிப் பேசுமுன் அவரைப் பற்றிக் கேட்டாள். என்ன வேலை, வீட்டில் யார் யார், எந்த நேரத்தில் உண்பது வழக்கம்? அவர் சரிகைப் புடவை நெய்பவர். சரிகைப் பூக்களின் நடுவே சிறு சிறு வண்ண நூல்களை, சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக, கோத்து 'மீனா' வேலை செய்வது அவருடைய தனித்திறன்.

எத்தாம்பியூட்டால் மிகச் சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். அதன் தொடக்க அடையாளங்களில் ஒன்று, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் ஆற்றல் குறைவது. உடனே கண்டு மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை திரும்பும்; தாமதித்தால் திரும்பாமலும் போகலாம். எண்ணிக்கையின்படி இது அரிது. ஆனால் வண்ண நூலால் வாழும் ஒருவருக்கு இது 'அரிதான விளைவு' என்ற வரியில் அடங்குவதா? அபாயத்தின் அளவை நூல் சொல்லும். அதன் கனத்தை அவருடைய வாழ்க்கைதான் சொல்லும்.

மாணவி இம்முறை மூன்று வகையாகப் பிரித்துச் சொன்னாள். அஞ்ச வேண்டாதது முதலில்: "சிறுநீர் செம்மஞ்சளாக வரும், அது மருந்தின் நிறம், இரத்தமன்று." பொறுத்துக்கொள்ளக்கூடியது அடுத்து: "முதல் சில நாட்கள் வயிறு சற்றுப் புரட்டலாம், பெரும்பாலோர்க்கு அது தணிந்துவிடும். தணியவில்லையானால் வந்து சொல்லுங்கள், வழி உண்டு." காத்திருக்கக் கூடாதவை கடைசியில்: "கண்ணோ தோலோ மஞ்சளானால், உணவே பிடிக்காமல் வாந்தி நீடித்தால், பார்வை மங்கினால், வண்ணங்கள் வெளிறினால், குறித்த நாள்வரை காத்திராமல் அன்றே வாருங்கள்." பின்னர், தான் சொன்னதை அவருடைய சொற்களிலேயே திருப்பிச் சொல்லும்படி வேண்டினாள். அவர் சொன்னார், ஒன்றை விட்டுவிட்டார், அவள் மீண்டும் சொன்னாள்.

முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "கண் போய்விட்டால் நான் எதைக்கொண்டு பிழைப்பேன், மகளே? இந்த ஒரு மருந்தை மட்டும் விட்டுவிடக் கூடாதா?"

பழைய மாணவியாக இருந்திருந்தால், 'அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது' என்று சொல்லியிருப்பாள். இப்போது, "எனக்குத் தெரியவில்லை, சாச்சா. கேட்டு வருகிறேன்" என்றாள். ஆசிரியர் வந்து அமர்ந்தார். அந்த மருந்து ஏன் தேவை, விட்டால் என்ன நேரலாம் என்று விளக்கினார். மருந்து தொடங்குமுன் பார்வையையும் வண்ணம் அறியும் திறனையும் சோதித்துக் குறித்துக்கொள்வோம். மாதந்தோறும் மீண்டும் பார்ப்போம் என்றார். நெசவாளி எண்ணிப் பார்த்து ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதை அவர் அறிந்தே தந்தார்.

சொல்வதன் பொறுப்பு

மூன்றாம் மாதம் ஒரு காலைப்பொழுதில் அவர் குறித்த நாளுக்கு முன்பே வந்து நின்றார். பச்சை நூல் வெளிறித் தெரிகிறது என்றார். இரண்டு இரவுகள் உறங்கவில்லை. தறியைவிட்டு வந்ததால் அன்றைய கூலியும் போயிற்று. கண் மருத்துவர் சோதித்தார். பழைய குறிப்புடன் ஒப்பிட்டார். எந்த மாற்றமும் இல்லை. அச்சமே நூலை வெளிறச் செய்திருந்தது.

மாணவியின் உள்ளம் கனத்தது. சொன்னதால்தானே இந்த மனிதர் இரண்டு இரவுகள் துன்புற்றார்? தேநீர் விற்பவருக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்ததல்லவா? உண்மைக்கு விலை உண்டு என்பதை இங்கே மறைக்காமல் ஏற்க வேண்டும். நன்றாகச் சொல்லப்பட்ட உண்மையும் சில வேளைகளில் வருத்தும். அவள் தன் வருத்தத்தை அவரிடமே தெரிவித்தாள்.

முதியவர் சிரித்தார். "தறியில் இழை அறுந்ததோ என்று ஐயம் வந்தால் நிறுத்திப் பார்க்கத்தான் வேண்டும், மகளே. அறுந்திருக்காது, நேரம் போகும். பாராமல் ஓட்டினால் புடவையே போகும். நீ சொல்லாதிருந்தால் எனக்கு ஐயமும் வந்திராது, வந்து கேட்க இடமும் இருந்திராது." அவர் ஆறு மாதச் சிகிச்சையையும் முடித்தார். கண்ணுக்கு எதுவும் நேரவில்லை.

தேநீர் விற்பவருக்கும் நெசவாளிக்கும் சொல்லப்பட்டது ஏறத்தாழ ஒரே உண்மைதான். இருவரும் அஞ்சவும் செய்தனர். ஆனால் முன்னவர் அச்சத்தைத் தனியே சுமந்தார். பின்னவருக்கு அச்சத்தோடு ஒரு வாசலும் காட்டப்பட்டிருந்தது: எது வந்தால் அஞ்ச வேண்டும், எது வந்தால் அஞ்ச வேண்டாம், எங்கே வர வேண்டும், யார் பார்ப்பார். ஓர் அபாயத்தைச் சொல்வது வெறும் தகவல் அளிப்பதன்று. அது நேரும்போது உடன் இருப்பேன் என்று வாக்களிப்பது. அந்த வாக்கு இல்லாத உண்மை, சுமையைத் தன் தலையிலிருந்து பிறர் தலைக்கு மாற்றுவதேயாகும்.

இந்தப் பொறுப்பில் சமூகத்துக்கும் பங்கு உண்டு. 1950-களின் இறுதியில் தாலிடோமைடு என்னும் மருந்தைக் கருவுற்ற தாய்மார் நம்பி உட்கொண்டதால், உலகின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறைகளுடன் பிறந்தன. 1961-இல்தான் காரணம் வெளிப்பட்டது. மருந்துகளின் தீய விளைவுகளை இடையறாது கண்காணிக்க வேண்டும் என்ற விழிப்பு அதன்பின் உலகெங்கும் வலுப்பெற்றது. நம் நாட்டில் 2010-இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தின் வழி நடைபெறுகிறது. மருத்துவர் மட்டுமன்றி, நோயாளியும் தமக்கு நேர்ந்ததை அதற்குத் தெரிவிக்கலாம். 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. நோயாளி கேட்டுக்கொள்பவர் மட்டுமல்லர், சொல்லவும் உரிமையுள்ளவர் என்பதை அது ஏற்கிறது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் முடியும் இடத்தில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்ற நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வகுக்கப்பட்டுள்ளது. அந்த நான்காவது இடம் எளிதில் மறக்கப்படுவது. மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொள்பவர் அந்த இடத்தை நிரப்புவதில்லை. தான் கொடுத்தது உண்பவரிடம் என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பவரே அதை நிரப்புகிறார்.

மருத்துவமனைக்கு வெளியேயும் மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஏதேனும் ஒன்றைத் தந்துகொண்டே இருக்கிறார்கள். தாய் தந்தையர் அறிவுரை தருகிறார்கள். ஆசிரியர் ஒரு பாதையைக் காட்டுகிறார். நண்பர் ஒரு முடிவை எடுக்கத் தூண்டுகிறார். நல்லவையே ஆயினும் இவற்றுக்கும் பக்க விளைவுகள் உண்டு. மாணவி கற்ற பாடம் இவர்களுக்கும் உரியது. சொல்லுமுன் கேட்க வேண்டும். தன்னைக் காப்பதற்காகப் பேசலாகாது, தன்னைக் காப்பதற்காக மௌனமாகவும் இருக்கலாகாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். சொன்னபின் விலகிச் செல்லாதிருக்க வேண்டும். அடுத்த நோயாளி வந்து அமர்ந்தபோது, அவள் மருந்துச் சீட்டை ஒருபுறம் வைத்துவிட்டு, "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டாள்.